எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா: அமெரிக்க நகரப் பள்ளிகளின் வேகக் கணக்கு வகுப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நகரங்களின் பப்ளிக் ஸ்கூல்களில் 5 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் (ஓர் ஊரின் பப்ளிக் ஸ்கூல்களை நடத்தும் நிர்வாகம்) மாறும். எங்கேயும் மாறாதது கணக்கு மட்டும்தான். ஆகவே அதைப் பற்றியே இங்கே அதிகம்.

‘ஆக்சிலரேட்டட் மேத்’ என்கிறார்களே, எதைவிட வேகம்?

வழக்கமான தடம் இது: ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1, பத்தில் ஜியோமெட்ரி, பதினொன்றில் அல்ஜீப்ரா 2, பன்னிரண்டில் ப்ரீகால்குலஸ். இப்படிப் போனால் பள்ளி முடிவதற்குள் கால்குலஸுக்கு இடமே இல்லை. அல்ஜீப்ரா 1-ஐ எட்டாம் வகுப்புக்கு இழுத்துவிட்டால் பன்னிரண்டில் கால்குலஸ் வந்துவிடும். சில பள்ளிகளில் ஏழாம் வகுப்புக்கே இழுப்பதும் உண்டு.

ஆனர்ஸ், அட்வான்ஸ்டு, காம்பாக்டட், ப்ரீ-ஏபி என்று பள்ளிக்கொரு பெயர். பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். சில இடங்களில் ‘ஆனர்ஸ்’ என்றால் அதே பாடம், கொஞ்சம் கூடுதல் வீட்டுப்பாடம், அவ்வளவுதான். பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் ஒரே கேள்வி போதும்: “இந்த வகுப்பை முடித்தால் அடுத்த ஆண்டு எந்த வகுப்பில் உட்காருவான்?” ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதில் ‘மேத் 7’, அதாவது வழக்கமான ஏழாம் வகுப்புக் கணக்கு, என்று வந்தால் அது வேக வகுப்பு அல்ல.

ஊரில் நாங்கள் ஆறாம் வகுப்பிலேயே இயற்கணிதம் படித்தோம். இங்கே எட்டாம் வகுப்பில் படிப்பதைப் போய் ‘வேகம்’ என்கிறார்களே?

பெயர்க் குழப்பம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எண்கள், இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் எல்லாம் ஒரே புத்தகத்தில் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். இங்கே உயர்நிலைப் பள்ளிக் கணக்கைத் துண்டாக்கி, ஓராண்டு முழுக்க ஒரு துண்டு என்று பல மாநிலங்களில் நடத்துகிறார்கள். மாறியும் எளிய சமன்பாடும் இங்கேயும் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. ‘அல்ஜீப்ரா 1’ என்ற வகுப்பில் இருப்பது நேரியல் சமன்பாடு, சமனிலி, சார்பு, பல்லுறுப்புக்கோவை, காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு. நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடம். அதனால் ‘இவ்வளவு லேட்டா?’ என்று பதற வேண்டியதில்லை.

நல்ல வேக வகுப்புக்கும் மோசமானதற்கும் என்ன வித்தியாசம்?

சுருக்குகிறார்களா, தாண்டுகிறார்களா என்பதுதான்.

2010-இல் வந்த, பல மாநிலங்கள் ஏற்ற ‘காமன் கோர்’ என்ற பொதுப் பாடத்திட்டம் எட்டாம் வகுப்பைக் கனமாக்கிவிட்டது. நேர்கோட்டின் சாய்வு, ஒருங்கமை சமன்பாடுகள், சார்பு என்றால் என்ன, அடுக்கு விதிகள், பிதாகரஸ் தேற்றம், உருவங்களை நகர்த்துவது, சுழற்றுவது என்று பழைய அல்ஜீப்ரா 1-இல் இருந்த பலதும் எட்டாம் வகுப்புக்கு இறங்கின. ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளையை அப்படியே அல்ஜீப்ரா 1-இல் போட்டால் இத்தனையும் கைவிட்டுப் போகும். அந்தப் பாடத்திட்டத்தோடு வந்த பின்னிணைப்பே, மேத் 7, மேத் 8, அல்ஜீப்ரா 1 ஆகிய மூன்றாண்டுப் பாடத்தை இரண்டாண்டில் அடக்க வேண்டும், எதையும் விடக்கூடாது என்கிறது.

இப்போது நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு பீரியட் 45 நிமிடம், ஆண்டுக்கு 180 நாள்; மொத்தம் 135 மணி நேரம். மூன்றாண்டுக்கு 405 மணி. அதை இரண்டாண்டில், அதாவது 270 மணியில் முடிக்க வேண்டும். 135 மணி எங்கிருந்தோ வர வேண்டும். நல்ல பள்ளி இதை இரண்டு வழிகளில் ஈடுகட்டுகிறது. ஒன்று, கணக்குக்குக் கூடுதல் பீரியட். இரண்டு, திரும்பத் திரும்ப வரும் பாடங்களை ஒன்றாக்குவது. நேரியல் சமன்பாடு மேத் 8-இலும் வருகிறது, அல்ஜீப்ரா 1-இலும் வருகிறது. இரண்டையும் ஒரே அலகாக நடத்தினால் பல வாரம் மிச்சம். மோசமான பள்ளி என்ன செய்கிறது? புத்தகத்தில் ஒற்றைப்படை அத்தியாயங்களை நடத்தி, மிச்சத்தை ‘ரிவியூ பாக்கெட்’ என்று கோடை விடுமுறைக்குக் கட்டிக்கொடுக்கிறது.

‘எங்கள் பள்ளியில் 90 நிமிட ப்ளாக்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். தினமுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா என்று கேளுங்கள். ஒரு நாள் விட்டு என்றால் அதே 135 மணிதான்.

எந்தப் பாடம் விடுபட்டால் பின்னால் அதிகம் அடிபடும்?

மூன்று. குறை எண்களோடும் பின்னங்களோடும் நான்கு செயல்கள், விகிதசமம், சாய்வு.

புள்ளியியலை அவசரமாக ஓட்டினால்கூடப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இந்த மூன்றில் ஓட்டை விழுந்தால் அல்ஜீப்ரா 2 வரை கசியும். சாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். (0, 1), (2, 4), (6, 10) மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் நடுவே 2 போனால் 3 ஏறுகிறது. அடுத்த இரண்டுக்கும் நடுவே 4 போனால் 6. முதலுக்கும் கடைசிக்கும் 6 போனால் 9. எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் ஏன் அதே 3/2 வருகிறது? கோட்டுக்குக் கீழே வரையும் செங்கோண முக்கோணங்கள் வடிவொத்தவை, அதனால். மேத் 8-இல் இதற்கு ஒரு வாரம் ஒதுக்கி வரைந்து பார்ப்பார்கள். தாண்டி வந்த பிள்ளைக்கு ஒரு சூத்திரம் மட்டும் கிடைக்கும். மேலே எது, கீழே எது என்று தேர்வில் தடுமாறும்.

எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் பிளேஸ்மென்ட் டெஸ்டில் நல்ல மதிப்பெண். அப்படியானால் தயார்தானே?

விடையை மட்டும் திருத்தும் தேர்வு சில நேரம் ஏமாற்றும். இந்தக் கணக்கைப் பாருங்கள். தெரியாத எண்ணை ‘க’ என்று வைத்துக்கொள்வோம்:

5 − 2(க − 3) = 3

சரியாகச் செய்தால் 5 − 2க + 6 = 3, அதாவது 11 − 2க = 3, க = 4. அரைகுறையாகக் கற்ற பிள்ளை முதலில் 5-இலிருந்து 2-ஐக் கழித்துவிடும்: 3(க − 3) = 3. அதிலிருந்து க − 3 = 1, க = 4. முறை முழுக்கத் தப்பு, விடை சரி! கணினி ‘டிக்’ போட்டுவிடும். வலப்பக்க 3-ஐ 1 ஆக மாற்றுங்கள். சரியான விடை 5, தப்பான வழியில் 3⅓. இப்போது பிடிபடும்.

மேப் க்ரோத், ஐ-ரெடி, அயோவா அல்ஜீப்ரா ஆப்டிட்யூட் போன்ற தேர்வுகளை டிஸ்ட்ரிக்டுகள் பயன்படுத்துகின்றன. வடிகட்ட அவை உதவும், சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் அரை மணி நேரம் செலவழித்தால் அவை சொல்லாதது தெரியும். ஒரு தாளில் இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள்:

1) 5 − 2(க − 3) = 1
2) −3/4 ÷ 1/2
3) 40 டாலர் சட்டைக்கு 25 சதவீதத் தள்ளுபடி, பிறகு 10 சதவீத வரி, கடைசியில் எவ்வளவு?
4) (1, 5), (4, 11) வழியாகப் போகும் கோடு, மேலும் ஒரு புள்ளி
5) ‘ஒரு எண்ணின் மூன்று மடங்கு, அந்த எண்ணைவிட 14 அதிகம்’ என்பதைச் சமன்பாடாக எழுதுக

விடைகள்: 5; −1½; 33 டாலர்; (7, 17) அல்லது அந்தக் கோட்டில் வேறு எதுவும்; 3க = க + 14. ஒவ்வொன்றையும் ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று கேளுங்கள். நான்கிலாவது காரணம் சொல்ல முடிந்தால் தயார். ஐந்தாவதில் ‘3க + 14’ என்று எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகள் நிறைய. சமக்குறி இரண்டு பக்கமும் ஒன்று என்று சொல்கிறது என்பதே அவர்களுக்கு உறைக்கவில்லை என்று பொருள்.

இடம் யாருக்குக் கிடைக்கிறது? டீச்சர் பரிந்துரை வேண்டும் என்கிறார்களே.

நகரப் பள்ளிகளின் பெரிய பிணக்கே இதுதான். பரிந்துரையையும் பெற்றோர் விண்ணப்பத்தையும் மட்டும் நம்பினால், விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போவார்கள். அதே மதிப்பெண் எடுத்த கறுப்பின, லத்தீனோ, ஏழைப் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். டீச்சருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை. அமைதியான பிள்ளை, ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை, வீட்டுப்பாடம் தாமதமாகக் கொடுக்கும் பிள்ளை எல்லாம் கண்ணிலிருந்து நழுவிவிடுவார்கள்.

இதற்கு மாற்றாக வந்தது தானாகச் சேர்க்கும் முறை. வட கரோலினாவின் வேக் கவுண்டி 2010 வாக்கில் பரிந்துரையை ஒதுக்கிவிட்டு, பழைய தேர்வு மதிப்பெண்களிலிருந்து அல்ஜீப்ராவில் தேறும் வாய்ப்பைக் கணித்து, 70 சதவீதம் தாண்டியவர்களை வேகத் தடத்தில் போட்டது. 2018-இல் அந்த மாநிலச் சட்டமே, மாநிலத் தேர்வில் உச்ச நிலை எடுத்தவர்களுக்கு உயர் கணக்கு வகுப்பு தர வேண்டும் என்றது. டாலஸ் டிஸ்ட்ரிக்ட் 2019-20 முதல், ஐந்தாம் வகுப்புத் தேர்வில் நன்றாகச் செய்தவர்களை ஆறாம் வகுப்பிலேயே ஆனர்ஸில் சேர்த்துவிட்டு, வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கட்டும் என்று மாற்றியது. அங்கே எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படிப்பவர்களின் பங்கு சில ஆண்டுகளில் மூன்று மடங்கானது. 2023-இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது: ஐந்தாம் வகுப்புத் தேர்வில் முதல் 40 சதவீதத்தில் வருபவர்கள் தானாக ஆறாம் வகுப்பு உயர் கணக்கில்.

உங்கள் டிஸ்ட்ரிக்டில் இப்படி விதி இல்லையென்றால், மதிப்பெண் அறிக்கையை இணைத்துக் கவுன்சிலருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியில் கேட்டதற்குத் தடம் இருக்காது.

அப்படியானால் எல்லாரையும் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ராவில் போட்டுவிடலாமே?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினாவின் சார்லட்-மெக்லன்பர்க் டிஸ்ட்ரிக்ட் 2000-களின் தொடக்கத்தில் சராசரி மாணவர்களையும் கீழே இருந்தவர்களையும் அவசரமாக எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்குத் தள்ளியது. ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, அப்படித் தள்ளப்பட்டவர்கள் அல்ஜீப்ரா 1 தேர்வில் குறைவாகவே எடுத்தார்கள். பின்னால் வரும் பாடங்களிலும் அவர்களுக்கு நன்மை கிடைக்கவில்லை. சிகாகோ 1997-இல் ஒன்பதாம் வகுப்பில் எல்லாருக்கும் அல்ஜீப்ரா என்று கட்டாயமாக்கியபோது தோல்விகள் கூடின, மதிப்பெண் கூடவில்லை. அதே சிகாகோ 2003-இல் பின்தங்கிய மாணவர்களுக்குத் தினமும் இரண்டு அல்ஜீப்ரா பீரியட் கொடுத்தது. அப்போது பலன் தெரிந்தது. கூடுதல் நேரம் கொடுக்காமல் பாடத்தை மட்டும் முன்னே தள்ளினால் சறுக்குகிறது.

எதிர்த்திசைச் சோதனையும் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒன்பதில்தான் என்றது. வசதியான வீட்டார் காசு கொடுத்து வெளியே படிக்க வைத்தார்கள். வசதி இல்லாதவர்கள் காத்திருந்தார்கள். சமத்துவத்துக்காகப் போட்ட விதி யாருடைய கையைக் கட்டியது என்று பாருங்கள். 2024 மார்ச்சில் நகர வாக்காளர்களில் 80 சதவீதத்துக்கு மேல் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த வாக்கெடுப்பு ஆலோசனை மட்டுமே. ஆனால் அதற்கு முந்தைய மாதமே பள்ளி வாரியம் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்திருந்தது.

ஆசிரியரைப் பற்றி என்ன கேட்கலாம்?

“கணக்குக்கு என்று தனியாக லைசென்ஸ் உள்ளவரா?” என்று கேட்பதில் தப்பே இல்லை. தொடக்கப் பள்ளி லைசென்ஸ் எல்லாப் பாடத்துக்கும் பொதுவானது. அதை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக் கணக்கை அருமையாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இருபடிச் சமன்பாட்டுக்கு வந்ததும் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆழம் வேண்டும். சிகாகோவின் பள்ளிகள் பலவும் எட்டாம் வகுப்பு வரை ஒரே கூரையின் கீழ் இருப்பவை. அதனால் அங்கே எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா நடத்துபவருக்குத் தனித் தகுதியும், மாணவர் உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் ஒரு படி தாண்ட ‘எக்சிட் எக்ஸாம்’ என்ற தனித் தேர்வும் வைத்தார்கள்.

நகரப் பள்ளிகளில் இன்னொரு தொல்லை: நவம்பரில் ஆசிரியர் விலகிப்போய் மார்ச் வரை சப்ஸ்டிட்யூட் வைத்து ஓட்டுவது. வேக வகுப்பில் ஆறு வாரம் போனால் சாதாரண வகுப்பில் ஒன்பது வாரம் போனதற்குச் சமம். அப்படி நடந்தால் எந்த அலகுகள் நடக்கவில்லை என்று பட்டியல் கேட்டு வாங்குங்கள்.

வகுப்பு உண்மையில் நன்றாக நடக்கிறதா என்று வீட்டிலிருந்தே எப்படி அறிவது?

நோட்டைப் புரட்டுங்கள். ஒரே மாதிரி முப்பது கணக்குகள் வரிசையாக இருந்து, வாக்கியக் கணக்கு ஒன்றுகூட இல்லையென்றால் வேகம் இருக்கிறது, பாடம் இல்லை. தப்பான விடையை அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தால் அது நல்ல ஆசிரியரின் அடையாளம். வரைபடம், அட்டவணை, சமன்பாடு மூன்றும் ஒரே கணக்கில் சேர்ந்து வருகின்றனவா என்றும் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, இல்லஸ்ட்ரேட்டிவ் மேத்தமேடிக்ஸ் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். 6 முதல் 8 வரையான பாடத்தை இரண்டாண்டில் அடக்கிய வேகப் பதிப்பும் அதில் உண்டு. உங்கள் பள்ளி எந்த அலகைத் தாண்டியது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

டியூஷன் போட்டு முன்கூட்டியே தயார் செய்யலாமா?

நம்மவர்களிடம் அதிகம் பார்ப்பது, ஆறாம் வகுப்பிலேயே காரணிப்படுத்தத் தெரிந்த பிள்ளை, ஆனால் ‘ஒரு தொட்டி 3 மணியில் நிரம்பினால்’ என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிடும். கைப்பழக்கம் தேவைதான், தினம் 15 நிமிடம் போதும். மிச்ச நேரத்தை வாக்கியக் கணக்குக்குக் கொடுங்கள்.

கோடை வகுப்பு பற்றியும் இங்கேயே: ஆறு வாரம், வாரம் ஐந்து நாள், தினம் நான்கு மணி என்றால் 120 மணி. ஓராண்டின் 135-க்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் இன்று கற்றது ஊறிப்போக நாளை வரை நேரமில்லை. கற்றதைத் திரும்பப் பார்க்க அது சரி. புதிதாக ஒரு முழுப் பாடத்தை அதில் முடிப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒட்டாது.

மதிப்பெண் உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) வருமா?

இடத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா 1-க்கு உயர்நிலைப் பள்ளி கிரெடிட் உண்டு. ஜிபிஏ-வில், அதாவது மொத்த மதிப்பெண் சராசரியில், சேர்ப்பதா என்பது டிஸ்ட்ரிக்ட் விதி. நியூயார்க்கில் ஆண்டு முடிவில் ரீஜன்ட்ஸ் என்ற மாநிலத் தேர்வு; 65 தேர்ச்சி. கலிபோர்னியா பல்கலைக்கழகங்கள் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைக் கணக்குத் தகுதிக்கு ஏற்கும், ஆனால் அந்த மதிப்பெண்ணை ஜிபிஏ-வில் சேர்க்காது. சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவே இல்லை.

அபூர்வமல்ல. மத்திய அரசின் 2015-16 கணக்கெடுப்பில் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 நடத்திய பள்ளிகள் 59 சதவீதம்தான். படித்த மாணவர்கள் 24 சதவீதம். ராபர்ட் மோசஸ் என்ற சிவில் உரிமைப் போராளி மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் 1982-இல் ‘அல்ஜீப்ரா ப்ராஜெக்ட்’ தொடங்கியதும் இதனால்தான்: அவருடைய மகள் அல்ஜீப்ராவுக்குத் தயாராக இருந்தாள், அவள் பள்ளியில் அந்தப் பாடம் இல்லை.

பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் முதல் பீரியடுக்கு முன்பு போய்ப் படிப்பது, டிஸ்ட்ரிக்டின் ஆன்லைன் வகுப்பு இரண்டையும் கேட்டுப் பாருங்கள். ஆன்லைன் என்றால் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஆசிரியர் நேரில் தாளைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், கணக்கைப் படம் பிடித்தால் விடை சொல்லும் ஃபோட்டோமேத் செயலிதான் படிக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால், பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியும் அல்ஜீப்ரா 2-ம் சேர்த்து எடுக்கலாம். அந்தப் பிள்ளையும் பன்னிரண்டில் கால்குலஸுக்கு வந்துவிடும்.

சேர்த்துவிட்டோம், திணறுகிறான். எப்போது வெளியே எடுப்பது?

முதல் தேர்வில் 60 வாங்கியதற்காக எடுக்க வேண்டாம். நான்கு வாரம் பாருங்கள். அரை மணியில் முடிந்த வீட்டுப்பாடம் தினமும் ஒன்றரை மணி ஆகிறதா, திருத்தி வந்த தாளில் அதே தப்பு மூன்று முறை வருகிறதா, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று புதிதாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறானா? மூன்றும் இருந்தால், வகுப்பு மாற்றும் கெடு முடியுமுன் கவுன்சிலரைப் பாருங்கள்.

கெடு போய்விட்டால் ஆண்டை முடிக்கட்டும். கடைசியில் சி-க்குக் கீழே வந்தால் ஒன்பதில் அல்ஜீப்ரா 1-ஐத் திரும்பப் படிக்க வையுங்கள். ஜியோமெட்ரிக்குத் தள்ள வேண்டாம். ஜியோமெட்ரியில் அல்ஜீப்ரா குறைவாகத்தான் வரும், அதனால் அந்த ஆண்டு ஓட்டை வெளியே தெரியாது. பத்தில் அல்ஜீப்ரா 2 தொடங்கும்போதுதான் தெரியும். அதற்குள் ஓர் ஆண்டு போயிருக்கும்.